மூன்றாவது வரிசைப் பலகை

— இன்னொரு தடவை சொல்லு, மாப்ள. நான்தான் கட்டடத்து முதலாளின்னு வச்சுக்க. நல்ல சிமெண்ட் தரை இருக்கு. அதுக்கு மேல ரெண்டடி தூக்கி இன்னொரு தரை எதுக்குய்யா?

— சார், ரெண்டு தரைக்கும் நடுவுல இடம் கிடைக்குது. ஒயரெல்லாம் அதுக்குள்ள ஓடிடும். காலைத் தட்டாது, கண்ணுக்கும் தெரியாது.

— சுவத்துல அடிச்சுட்டுப் போறேன். என்ன குறைஞ்சு போச்சு?

— நாளைக்கு மேசையை இடம் மாத்துவீங்க. அப்ப சுவத்தை உடைப்பீங்களா? இதுல ஒரு பலகையைத் தூக்கினா போதும். சுத்தியலும் வேணாம், தூசியும் வேணாம். சாயங்காலத்துக்குள்ள அந்த ஆள் புது இடத்துல உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

— பரவாயில்லையே. அப்ப கம்ப்யூட்டர் ரூமுக்கு?

— அங்கதான் சார் இதோட அருமையே தெரியும். குளிர்காத்தை அடியில விடறோம். ஓட்டைப் பலகை போட்ட இடத்துல மட்டும் மேல வரும். எந்த மெஷின் சுடுதோ அது முன்னாடி அந்தப் பலகையை மாத்தி வச்சுக்கலாம்.

— நாளைக்கு இன்டர்வியூல இதையே சொல்லு. சூப்பர்வைசர் நாற்காலி உனக்குத்தான். பேசும்போது தலையை மட்டும் சொறியாதே.

— மச்சான், பலகை தூக்கற அந்த ரப்பர் கப்பைக் குடுங்க. மூணாவது வரிசையை நான் தூக்கறேன். உங்களுக்கு முட்டி வலி.

— அதை விடு. அந்த வரிசை என்னுது. நீ கதவுப் பக்கம் பாரு.

— காலையிலேர்ந்து என்னை அந்தப் பக்கமே விடமாட்டேங்கறீங்க.

— முதலாளி கேக்கறேன், பதில் சொல்லுய்யா. பலகையைத் தூக்கினா அங்க குழி இருக்குமே. யாராவது கால் வச்சுட்டா?

— மச்சான்...

— கேப்பாங்க, மாப்ள. மூணு வருஷம் முன்னாடி இந்த ரூம்ல துடைக்க வந்த பொம்பளை விழுந்து செத்தது அவங்களுக்குத் தெரியும். அது என் பொண்டாட்டி, உன் அக்கான்னுதான் புதுசா வந்த அவங்களுக்குத் தெரியாது. சொல்லிப் பழகிக்க.

— நாலு பக்கமும் தடுப்பு வைப்போம். ஒரு ஆள் அங்கயே நிப்பான். அட்டை போட்டு மூடவே மாட்டோம்.

— ஏன்?

— மூடினா தரை மாதிரி தெரியும். போதும், மச்சான். நாளைக்கு நான் போகலை.

— என்னடா திடீர்னு?

— அது உங்க நாற்காலி. அட்டையைப் போட்டது நீங்கதான்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, மூணு வருஷமா பலகை தூக்கறீங்க. நேத்து வந்தவன்லாம் உங்களை வா போங்கறான். அட்டையைப் போட்டது நான், மச்சான்.

— கொஞ்சம் உட்காரலாம்.

— உட்காருங்க. ஆனா கேளுங்க. குளிர்காத்து பூராவும் குழி வழியா வீணாப் போகுது, மெஷின் சூடாகுதுன்னு இந்த ரூமைப் பார்த்துக்கறவர் கத்தினார். எல்லாரும் பண்றதுதானேன்னு அட்டையை வச்சேன். ஒயர் போக ஓட்டை போட்டுட்டு வரலாம்னு பலகையை எடுத்துக்கிட்டுக் கீழ போனேன். பத்தே நிமிஷம். திரும்பி வந்தா அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க, அவளோட வாளி தனியா நிக்குது.

— சரி, விடு.

— எப்படி விடறது? அதுக்கு முந்தின நாள்தான் இதே மாதிரி அட்டை வச்சதுக்காக என்னை எல்லார் முன்னாடியும் கிழிச்சீங்க. இன்னொரு தரம் அட்டையைப் பார்த்தேன், வேலையை விட்டே துரத்திடுவேன்னீங்க. அக்காவும் அங்கதான் நின்னா. அப்படியும் வச்சேன். ஆஸ்பத்திரியில பதினோரு நாள் அவ காலைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கலை. இன்னைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன்.

— ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேணாம்.

— இந்த வரிசையிலதானே விழுந்தா? அந்த இடத்தை நான் ஒரு தரம் பார்க்கணும்.

— மாப்ள, அதைத் தூக்காதே. சொன்னாக் கேளு.

— தூக்கிட்டேன். உள்ள என்னமோ கிடக்கே, அட்டை மாதிரி. இதுல பென்சில்ல அளவு எழுதியிருக்கு. இது என் எழுத்து, மச்சான்.

— அதை இருந்த இடத்துலயே வை.

— நீங்கதான் ஒளிச்சு வச்சீங்களா?

— வேற எங்க வைக்கிறது? வீட்டுல வச்சா உன் கண்ணுல படும். குப்பையில போட மனசு வரலை.

— அப்ப நான்தான்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.

— உன் எழுத்து எனக்குத் தெரியாதா? எறும்பு மாதிரி ஓடும்.

— தெரிஞ்சுமா தினம் எனக்குச் சோறு போட்டீங்க? ஒரு வார்த்தை திட்டலையே. அதுக்கு முன்னாடியெல்லாம் உங்க குரலைக் கேட்டாலே நாங்க ஒளிஞ்சுக்குவோம்.

— திட்டறதை விட்டுட்டேன்.

— இருங்க. இது கிழியவே இல்லையே. முனைகூட மடங்கலை. அக்கா இதை மிதிச்சு உள்ள போயிருந்தா பிஞ்சிருக்கணுமே.

— அவ மிதிக்கலை.

— பின்ன?

— நான் ஓடி வந்தப்ப இது சுவத்தோரமா சாத்தி வச்சிருந்துச்சு. அவ இழுத்துக்கிட்டு வந்த தடுப்பு பாதி வழியில கிடந்துச்சு. பக்கத்துப் பலகைக்கும் திருகு கழட்டியிருந்தது அவளுக்குத் தெரியலை. அது மேல நின்னு இழுத்திருக்கா, சாஞ்சிடுச்சு. பக்கத்துல இருந்த இரும்பு அலமாரியில தலை மோதிடுச்சு.

— அவ ஏன் தடுப்பை இழுக்கணும்? அவ வேலை துடைக்கறதுதானே.

— நீ பலகையோட படி இறங்கறதைப் பார்த்திருக்கா. உள்ள வந்து அட்டையைப் பார்த்திருக்கா. நான் வர்றதுக்குள்ள எடுத்துடணும்னு நினைச்சிருக்கா.

— ஐயோ மச்சான். எனக்காகத்தான் அந்தப் பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்களா?

— உனக்காக இல்லை. அது என் பழிதான். மூணாம் நாள் நீ டீ வாங்கப் போனப்ப அவ ஒரு தரம் கண்ணு முழிச்சாளே, என்ன கேட்டான்னு நீ கேட்டதுக்குத் தண்ணி கேட்டான்னு சொன்னேன் பாரு, அது பொய். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அட்டையை நான் எடுத்துட்டேங்க, தம்பியைத் திட்டாதீங்க"ன்னா.