ட்ரைலரில் வந்த வீடு

காலையில் செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"எங்க வீட்டுல பேய் இருக்குதாம். மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வரமாட்டோம்னுட்டாங்க."

"யார் சொன்னதுக்கா?" என்றார் இளையவர்.

"போன்ல வர்ற ட்ரைலருதான். வாசக்கதவைப் பாத்ததுமே எங்க வீடுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க."

"ரெண்டு நாள் ஷூட்டிங்குக்கு விட்டீங்களே, அந்தப் படமா?"

"அதேதான்மா. கேமராவைத் தரையில வெச்சு எடுத்தாங்க, கூடமே குகையாட்டம் தெரியுது. எங்க தறி சத்தத்தை மெதுவாக்கி ஓட்டியிருக்கானுங்க, யாரோ நெஞ்சுல குத்துற மாதிரி. கதவு தொறக்குது, பட்டுனு இருட்டாயிடுது."

"படம் வந்தா எல்லாம் சரியாயிடும்க்கா."

"கடைசியில பேயே இல்ல, திருடன்தான்னு கதையாம். படம் எங்க வருது? பாதியில நின்னுபோச்சு. ட்ரைலரை மட்டும் ஊரே பாத்துக்கினு இருக்குது."

இளையவர் தன் கைபேசியில் அதைத் தேடிப் போட்டார். சத்தம் எனக்கும் கேட்டது. தறி என்று சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

"யம்மா! கொலுசு போட்டுக்கினு இருட்டுல நடக்குதே, அந்தக் காலைப் பாத்தாதான்க்கா பயமா இருக்குது. யாருது அது?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் பொண்ணுது. கொஞ்சம் நடந்து காட்டும்மான்னு கேட்டானுங்க, நடந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத மட்டும் வெளிய சொல்லிடாதம்மா."