‘சேவ் ஆயிடுச்சு’ன்னா ஆயிடுச்சு

கொட்டகலையில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த, தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது, பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் திருத்துபவரிடம் சொன்னார்:

“தம்பி, எங்க டிஸ்பென்சரில நீங்க போட்ட கம்ப்யூட்டர் மெசின் பொய் சொல்லல.”

“என்னாச்சுங்க மிஸி?”

“ஒரு புள்ளத்தாச்சிக்கு ஒத்துக்காத ஊசியோட பேர அடிச்சேன். ‘சேவ் ஆயிடுச்சு’ன்னு காட்டுச்சு. அடுத்தவங்களோடத அடிக்கிறப்ப இடி விழுந்து கரண்ட் போயிருச்சு. திரும்பப் போட்டா மொதல்ல அடிச்சது அப்படியே இருக்கு. பாதியில நின்னது மட்டும் இல்ல.”

“டிஸ்க்ல நெசமா எழுதின பெறகுதாங்க அது சேவ்னு காட்டும். செய்யப்போறதயும் முன்னாடியே குறிச்சு வச்சுக்கும். இடையில நின்னுட்டா, அந்தக் குறிப்பப் பாத்துத் தன்னைச் சரிபண்ணிக்கும்.”

“அதனால மெதுவா இருக்குன்னு உங்களத்தான் ஏசினேன்.”

“ஞாபகம் இருக்குங்க.”

“மறுநாளே அந்தப் புள்ளத்தாச்சிய நெனவில்லாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. எனக்கு ஊசி பேரு ஞாபகமில்ல. டாக்டர் போன்ல கேட்டாரு, மெசினப் பாத்துச் சொன்னேன். வேற ஊசி போட்டாங்க. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரையும் இன்னைக்கு வீட்டுக்கு விடுறாங்க, கூட்டிட்டு வரப் போறேன். நீங்களும் வாங்க.”

“கடை தொறக்கணுங்க.”

ஹட்டனில் இருவரும் இறங்கினார்கள். கம்ப்யூட்டர்காரர் கடைப் பையனுக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்று சொல்லிக்கொண்டே மிஸிக்குப் பின்னால் நடந்தார்.