எட்டு நாள் மௌனம்

தம்பி: நிறுத்து, நிறுத்து. 'ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்'னு வாசிக்காதே. நீ மடத்துத் தலைவி அக்கா, ரேடியோ இல்ல.

அக்கா: எழுதிக் குடுத்ததே நீதானேடா!

தம்பி: எழுதினது நான், பேசப்போறது நீ. மறுபடி. இப்ப நான் நிருபர். 'மதர், உங்க விடுதியில மாடிப்படிக் கைப்பிடி உடைஞ்சு ஒரு பொண்ணு விழுந்திருக்கா. என்ன சொல்றீங்க?'

அக்கா: கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. ஆபரேஷன் முடிஞ்சுது. எங்க சிஸ்டர் ஒருத்தர் அவ பக்கத்துலயே இருக்காங்க.

தம்பி: தேறிட்டியே! 'கைப்பிடி ஆடுதுன்னு முன்னாடியே யாராவது சொன்னாங்களா?'

அக்கா: ...அவ அம்மா கடிதம் போட்டிருந்தாங்க.

தம்பி: 'எப்ப படிச்சீங்க?'

அக்கா: அப்ப எங்களுக்கு வருஷாந்திர தியானம். எட்டு நாள் மௌனம். போன் எடுக்கமாட்டோம், கடிதம் பிரிக்கமாட்டோம். தலைவி பேருக்கு வர்றதை வேற யாரும் தொடவும் கூடாது...

தம்பி: சட்டதிட்டத்தை யாரு கேட்டா? எப்ப படிச்சே?

அக்கா: அவ விழுந்த அன்னிக்கு. அஞ்சாம் நாள். சத்தம் கேட்டு ஓடினோம். அப்புறம்தான் மேசையில கிடந்ததைப் பிரிச்சேன்.

தம்பி: முக்காட்டைக் கொஞ்சம் ஒதுக்கு.

அக்கா: எதுக்கு?

தம்பி: பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். அம்மா அதை வச்சுத்தான் பிடிப்பாங்க.

அக்கா: போடா, கிறுக்கா. நாலு மணிக்கு பேப்பர்காரங்க வர்றாங்க, உனக்கு விளையாட்டு. அடுத்த கேள்வியைக் கேளு.

தம்பி: ஏன் அந்த ஜன்னலையே பாக்குறே?

அக்கா: வெயில்... ஒண்ணுமில்ல. கேளுடா.

தம்பி: இருபது வருஷம் பேப்பர்ல குப்பை கொட்டினவன், விபத்து நடந்தா எப்படிப் பேசணும்னு உனக்கு எழுதிக் குடுத்த திட்டம் இது. முதல் வரி என்ன?

அக்கா: மடத்துக்காக ஒருத்தர்தான் பேசணும்.

தம்பி: அது ரெண்டாவது.

அக்கா: ...அடிபட்டவங்க குடும்பத்துக்கு முதல்ல உண்மையைச் சொல்லணும். அப்புறம்தான் ஊருக்கு.

தம்பி: சொன்னியா?

அக்கா: ஆஸ்பத்திரியில அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

தம்பி: அழுதே, சரி. சொன்னியா?

அக்கா: முதல் நாளே படிச்சுட்டேன்டா.

தம்பி: ம்.

அக்கா: தபால்காரர் கையெழுத்து கேட்டார். போட்டேன். சும்மா பாத்துட்டு வைப்போம்னு பிரிச்சேன். ஒரு பக்கம்தான். 'என் பொண்ணு சொல்றா, கைப்பிடி ஆடுது, சீக்கிரம் பாருங்க'ன்னு. ஆசாரிக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதியிருந்தாப் போதும். கடிதம் பிரிக்கக்கூடாதுன்னு சொன்ன தலைவியே பிரிச்சிருக்காளேன்னு மத்த சிஸ்டர்ங்க நினைப்பாங்களேன்னு... ஜெபப் புத்தகத்துக்குள்ள வச்சு மூடிட்டேன். எட்டு நாள்தானேன்னு நினைச்சேன். அவமானமா இருக்குடா.

தம்பி: எனக்குத் தெரியும்.

அக்கா: காதை வச்சா?

தம்பி: இல்ல. கடிதம் கிடைச்சதுன்னு நீ கையெழுத்துப் போட்ட அட்டை என் பையில இருக்கு. தேதியோட. தபால்ல அவங்களுக்குத் திரும்பி வந்த அந்த அட்டையோட அந்தம்மா நேத்து என் வீட்டுக்கே வந்துட்டாங்க. 'உங்க அக்காவே சொல்லட்டும், அதுவரைக்கும் பேப்பருக்குப் போகமாட்டேன்'னாங்க. இப்ப கீழ பார்வையாளர் அறையிலதான்... உன்கிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுக்கோ.

அக்கா: உன் வண்டியிலேர்ந்து அவங்க இறங்கினதை இந்த ஜன்னல்லதான் பாத்தேன். கீழ போகப் பயந்துக்கிட்டுத்தான் உன்னை மறுபடி மறுபடி கேள்வி கேக்கச் சொன்னேன்... நீ எழுதிக் குடுத்த தாளை இங்கயே வை. அவங்ககிட்ட வாசிக்க எனக்கு ஒண்ணும் வேண்டாம்.