துடுப்பில் காது வைத்த வைத்தியர்

அவைத்தலைவர் அவர்களே, வைத்தியர்களே, வாவியின் இரு கரையிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே! எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

நான் துணி வியாபாரி. எனக்கு மேடைப் பேச்சு வராது. விலை பேசத்தான் வரும். இன்று நாம் கூடி நினைவுகூரும், மறைந்த மனநல வைத்திய கலாநிதி சீதேவி நல்லரத்தினம் அவர்களிடம் விலை பேசியும் தோற்றவன் நான்!

என் தங்கை நிஸ்றாவுக்கு இருபது வயதில், அவள் காதுக்கு மட்டும், வாவி பாடத் தொடங்கியது. பகலிலும் பாடியது, அடுப்படியிலும் பாடியது. ஊர் ஜின் பிடித்ததென்றது. உம்மாவும் நானும் அவளைக் கூட்டிப்போனபோது டொக்டர் என்ன கேட்டார்? "சின்னதில புள்ளைக்கு என்ன வருத்தம் வந்த?"

நம் ஊரில் நோயும் வருத்தம், துயரமும் வருத்தம். மனசு டொக்டர் கேட்டதால் உம்மா துயரம் என்றே நினைத்துவிட்டார். "ஒரு வருத்தமும் வைக்கல்ல டொக்டர், செல்லமாத்தான் வளத்த" என்று அழுதார்.

"காய்ச்சலக் கேட்டன் உம்மா."

அப்போதுதான் வந்தது பழைய கதை. ஆறு வயதில் வைரஸ் மூளைக்காய்ச்சல், வலிப்பு, ஆஸ்பத்திரி. பிழைத்தாள்; நாங்கள் மறந்துவிட்டோம்.

"அதுதான் காரணமெண்டு உறுதியாச் சொல்லுங்க" என்று நான் பிடித்துக்கொண்டேன்.

"முதலாளி, சாயம் போகாதெண்டு நீங்க உறுதி குடுப்பீங்களா?"

"விக்கிற நேரம் குடுப்பன்."

"நான் விக்க வரல்ல. அந்தக் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் இப்பிடி வராது. சிலருக்கு வரலாம். இத அறிஞ்சா புள்ளையில பழி போடமாட்டீங்க."

அன்று பொழுதுசாய அவளைத் தோணியில் ஏற்றினார். வாவி அசையவில்லை. வானம் கீழே கிடந்தது; நாங்கள் மேகத்தின்மேல் மிதந்தோம். மீன் பாடுவதைக் கேட்கத் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காது வைப்போமே, அப்படி வைத்தார் டொக்டர். நெடுநேரம் வைத்திருந்தார்.

"எனக்கொண்டும் கேக்கல்ல நிஸ்றா. உனக்குக் கேக்குதெண்டு நம்புறன்."

அன்றுதான் அவள் டொக்டர் தந்த மருந்தில் முதல் குளிசையை விழுங்கினாள்!

பாட்டு முற்றாக நிற்கவில்லை, தூரத்துக்குப் போயிருக்கிறது. அவள் தைக்கிறாள், சிரிக்கிறாள். அதன்பின் என் கடை மாடியில் வியாழன்தோறும் டொக்டரின் கிளினிக். செட்டிபாளையத்துத் தமிழ்த் தாயும் காத்தான்குடி முஸ்லிம் தாயும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்களே, அதை வேறெங்கே கண்டோம்?

இனி இவன் மாடியில் துணி அடுக்குவான் என்று சிலர் நினைக்கலாம். அடுக்கமாட்டேன்! அவரிடம் பயின்ற டொக்டர் கஜானி வருவதாகச் சொல்லிவிட்டார். வியாழன் கதவு திறந்திருக்கும்.

இன்று காலை நிஸ்றா தன் அண்ணனான என்னிடம் கேட்டாள்: "காக்கா, இனி எனக்குக் கேக்கிறத ஆர் நம்புற?"

உறுதி கேட்டே பழகிய வியாபாரி நான். ஆனாலும் சொன்னேன்:

"எனக்குக் கேக்கல்ல புள்ள. நான் நம்புறன்."