துரைக்குச் சொன்ன பதில்

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், என் எதிரே தண்டவாள வேலைக்காரர்கள் இருவர். இளையவன் தோளில் நிற்காத இரவல் கோட்டு போட்டிருந்தான். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இங்கிலீஷ் படிக்கப் போனேன். கடைசியில சீனந்தாண்ணே வருது.”

“என்னடா உளர்றே?”

“நம்ம கம்பத்துல, இந்தச் சின்ன ஊருக்குள்ள, வகுப்பு எடுக்கிறது அந்தச் சீன வாத்தியார் ஒருத்தர்தானே. நீள நீளமா இங்கிலீஷ் வாக்கியம் படிப்பாரு. நாங்க அதைச் சீனத்துல சொல்லணும். ஒரு நாளாவது சீனத்தை இங்கிலீஷுக்கு மாத்துங்கடான்னு சொன்னதில்ல.”

“சீனக் கடையில வளந்தவன், உனக்கென்ன கஷ்டம்?”

“அதாண்ணே வினை. இன்னிக்கு ஆபீஸ்ல எழுதுற கிராணி வேலைக்குத் துரை இங்கிலீஷ்ல கேட்டதெல்லாம் நல்லாப் புரிஞ்சுது. பதில் சொல்ல வாயத் திறந்தா சீனம் வருது.”

“துரை என்ன சொன்னாரு?”

“விழுந்து விழுந்து சிரிச்சாரு. கதவோரம் நின்ன சீன பியூன் மட்டும் சிரிக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டான்.”

“அப்படி என்னடா சொன்னே?”

“இந்த வேலை கிடைக்கலன்னா, எங்கப்பா செத்து விழுந்த அதே கம்பிச் சடக்குல, இந்தத் தண்டவாளத்துலதான் நானும் விழணும்னு.”