சாந்தினி வீட்டுக்கு மஞ்சள் நிறம்

என் பழைய பிரவுசரில் முப்பது பக்கங்களுக்கு மேல் திறந்தால் லேப்டாப் இரைய ஆரம்பித்துவிடும். இதிலிருந்து தொடங்குவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், இன்ஸ்பெக்டர் புவான். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மலாயில் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

செனாயில் எங்கள் வரிசையில் பதினெட்டு வீடுகள். நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் அரசாங்கப் பாரம், விண்ணப்பம் எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். "தவமணிக்கா, கொஞ்சம் லேப்டாப்" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வீட்டில் என்ன விஷயம் என்று பாதி எனக்குத் தெரிந்துவிடும். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஒருவருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோகும், இன்னொருவர் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். எல்லாருடைய பக்கங்களும் பாதியில் திறந்தபடி கிடக்கும்.

என்னோடு வேலை பார்த்த காளிதாஸிடம் புலம்பினேன். "கம்ப்யூட்டர்ல பாசார் மாலாம் நடத்துறீங்களா தவமணி? ராத்திரிச் சந்தை மாதிரி இத்தன கடைய ஒரே நேரத்துல விரிச்சா அது என்னதான் பண்ணும்? வேற பிரவுசர் போட்டுப் பாருங்க லா" என்று சிரித்துவிட்டு, புதிய ஒன்றை அனுப்பிவைத்தார்.

ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கங்கள் மேலே நெருக்கியடித்து நிற்காமல் இடது ஓரத்தில் பட்டியலாக இறங்கும். தொடாத பக்கத்தை அதுவே தூங்க வைக்கும். குழுகுழுவாகப் பிரித்து நிறமும் கொடுக்கலாம். நிறங்கள் ஒன்பதுதான் இருந்தன என்பதால் சுவாரஸ்யமான வீடுகளுக்கு மட்டும் கொடுத்தேன். எதிர்வீட்டு ஹேமநாதனுக்குப் பச்சை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வந்த மனிதர், நான் பால் காய்ச்சப் போன நேரத்தில் வழுக்கையில் முடி முளைக்கும் தைலத்தை நான்கு இடங்களில் தேடியிருந்தார். பக்கத்து வீட்டுச் சாந்தினிக்கு மஞ்சள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. பிரவுசரை மூடிவிட்டு மறுபடி திறந்தால், விட்ட இடத்திலேயே எல்லாப் பக்கங்களும் திரும்பி வந்து நிற்கும். வந்தவர்களுக்கு இது தெரியாது. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு, எல்லாம் அழிந்துவிட்டதென்று நிம்மதியாக எழுந்து போவார்கள். நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் சோதனை எப்படிச் சரியாக நடக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாந்தினி காலை பத்து மணிக்கு மேல் வருவாள். கணவன் தீபன் பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸில் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். அவளுடைய போனை அவன் தினமும் வாங்கிப் பார்ப்பது வரிசைக்கே தெரியும். கைநீட்டுவதும் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

"என்னத்தத் தேடுற சாந்தினி?"

"சும்மாக்கா. கூட்டாளி ஒருத்திக்கு ஒரு பாரம்."

அவள் போனதும் திறந்து பார்த்தேன். மஞ்சளில் நான்கு பக்கங்கள். சிகாமட்டுக்கு ரயில் நேரம். அங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கு மகளை மாற்றும் விண்ணப்பம். அடிக்கும் கணவனிடமிருந்து பாதுகாப்பு ஆணை வாங்குவது எப்படி. கடைசியாக, சிகாமட்டில் இருக்கும் அக்காள் மலருக்கு எழுதிய மின்னஞ்சல்: 'வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் பாப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பிருவேன். இங்க யாருக்கும் தெரியாது.'

அந்தக் கடைசி வரியைப் பல முறை படித்தேன். நான்கு வருஷமாக என் மேசையில் டீ குடித்தவள். அவள் கன்னத்து வீக்கத்துக்கு ஐஸ் கட்டி வைத்துவிட்டது நான். என்னிடமே கூட்டாளிக்குப் பாரம் என்கிறாள். எனக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறதில்லையா, புவான்.

வியாழக்கிழமை தீபனுக்கு விடுப்பு. மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டாக்ஸ் புதுப்பிக்க வந்தான். நான் பிரவுசரைப் பற்றித்தான் பேசினேன்.

"பாருங்க தம்பி, இது புதுசு. வீட்டுக்கு ஒரு கலரு. உங்க வீடு மஞ்சள்."

"எங்க வீடா? நான் இங்க வந்தே ஒரு வருஷமாச்சேக்கா."

"உங்க வீட்டுக்காரம்மா வருவாங்கள்ல."

"சாந்தினியா? இங்கயா?"

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன். நான் உள்ளே போயிருந்தபோது அவனாகவே பார்த்துவிட்டான் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அவன் வருவதற்கு முன்பே மஞ்சள் குழுவை விரித்து, மலருக்கு எழுதியதை முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தேன். மவுஸை அவன் கைப்பக்கம் தள்ளிவிட்டுத்தான் எழுந்தேன். சமையலறைக் கதவோரம் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளை போல உதடு அசையப் படித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் வந்தது.

"வரேன்க்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். தண்ணீரைத் தொடவில்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். முதலில் பாத்திரம் உருண்டது. பாப்பா வீறிட்டது. பிறகு சாந்தினி "தவமணிக்கா, தவமணிக்கா" என்று கூப்பிட்டாள். கதவை உடைத்து உள்ளே போனதும் ஆம்புலன்ஸை அழைத்ததும் ஹேமநாதன், நான் வரிசை முழுக்கத் தைலக் கதை சொல்லிச் சிரித்த அதே ஹேமநாதன். இன்றோடு மூன்று நாள், அவள் கண் திறக்கவில்லை என்கிறார்கள்.

டிவி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று நேற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை அடித்துவிடுங்கள். முதல் சத்தத்திலேயே டிவியை நிறுத்திவிட்டேன். போன் கையில்தான் இருந்தது. சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். யார் காட்டிக்கொடுத்தது என்று அவளிடம் அவன் சொல்கிறானா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவன் கடைசிவரை சொல்லவில்லை. அதனால்தான் அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.