குத்துக்கல்லுக்கு உள்பக்கம்

— கதவைத் தொறங்க கலீல் பாய்! பஸ் டிரைவரு உள்ளதான் இருக்கான். ரத்தம் உங்க சைக்கிள் கடை வாசல் வரைக்கும் சொட்டியிருக்கு!

— பிச்சைமுத்தண்ணே, மொதல்ல அந்தக் கடப்பாரையைக் கீழ வைங்க.

— கீழயா? அவன் மண்டையில வைக்கிறேன். என் பொண்டாட்டி ரோட்டோரமா சாக்கு போத்திக் கெடக்குறா பாய். வள்ளிக்கண்ணு! உங்க கடைப் பானையில தண்ணி வாங்கிக் குடிப்பாளே, அவ!

— தெரியும்ணே. சாக்கு போத்தினதே நான்தான்.

— அப்பத் தொறங்க!

— தொறந்தா இன்னொரு பொணம் விழும். கூட்டம் போட்டு மிதிச்சதுல அந்தாளுக்கு ரெண்டு பல்லு போயிடுச்சு, ஒரு கண்ணு தொறக்க முடியல. போலீஸைக் கூட்டியார ஆள் போயிருக்கு. செத்த பொறுங்க.

— பொறுக்கவா சொல்றீங்க? இந்தா... இந்தா!

— யா அல்லா! அண்ணே, பலகை பொளந்துக்கிச்சு. கடப்பாரை முனை என் தோளைக் கிழிச்சிடுச்சு.

— தள்ளி நில்லுங்க, சொல்லிப்புட்டேன். உங்க மேல எனக்குப் பகை இல்ல. அவனை வெளிய தள்ளுங்க.

— ஐயா, நான்தாங்க டிரைவர். பிலோமின்ராஜ். மாதா சத்தியமா வேணும்னு ஏத்தலைங்க.

— வாயை மூடுடா! பஸ்ஸை ரோட்டுல ஓட்டாம ஆளுங்க நிக்கிற எடத்துல ஏத்துவியா? அவ என்னடா பாவம் பண்ணினா?

— வலது பக்கம் மாட்டுவண்டிங்க. நடுவுல சைக்கிள் பழகுற ஆளு ஒருத்தர் தடுமாறி நேரா சக்கரத்துக்கு வந்துட்டார். இடது பக்கம் ஒடிச்சேன். கல்லு தடுத்துடும்னு நம்பித்தாங்க ஒடிச்சேன்.

— எந்தக் கல்லு?

— பஸ் நிக்கிற எடத்துல, நடக்குறவங்களுக்காக வரிசையா வெள்ளையடிச்ச குத்துக்கல்லு இருக்குமேங்க. முன்பக்கம் நசுங்கும், வண்டி நின்னுடும்னு நெனச்சேன். ஒரு மாசமா காய்ச்சல்ல கெடந்துட்டு இன்னிக்குத்தான் வண்டி எடுத்தேன். கல்லைக் காணோம்யா!

— பொய் சொல்றான் பாய்! அந்தக் கல்லை நட்டவனே நான். இதே கடப்பாரையாலதான் குழி எடுத்தேன். ஓவர்சியர் ஒரு அடி போதும்னாரு. ரெண்டடி தோண்டினேன். ஏன் தெரியுமா? எனக்குச் சோறு எடுத்துக்கிட்டு அவ அங்கதான் பஸ் ஏறுவா. கல்லுக்கு உள்பக்கம் நில்லுடி, எமனே வந்தாலும் முட்டிக்கிட்டுத்தான் திரும்பணும்னு சொல்லி வச்சிருந்தேன்.

— அங்கதாண்ணே நின்னாங்க.

— என்னது?

— நான் பார்த்தேன். பஸ்ஸு ஏறி வர்றப்ப மத்தவங்க எல்லாம் சிதறி ஓடினாங்க. உங்க வீட்டம்மா மட்டும் ஓடல. தூக்குச்சட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நின்னாங்க.

— நான் சொன்னேன்னு நின்னிருக்கா பாய்... என் பேச்சைக் கேட்டு நின்னிருக்கா! ஐயோ!

— அண்ணே, அழுவாதீங்க.

— அப்பக் கல்லு? ரெண்டு மாசமா எனக்கு மணப்பாறை ரோட்டுல வேலை, படுக்கையும் அங்கதான். இப்ப சேதி கேட்டு லாரியில தொத்தி வந்து குதிச்சதும் அவ மூஞ்சியைத்தான் பார்த்தேன், வேற எதையும் பார்க்கல. அவ நின்ன எடத்துல கல்லு இருக்குல்ல பாய்?

— இல்லண்ணே. கல்லு போன பொறவும், பழகின எடம்னு அவங்க அங்கதான் நிப்பாங்க.

— எந்தப் படுபாவி பிடுங்கினான்? சொல்லுங்க! இந்த டிரைவரை விட்டுடறேன். அவன் எங்க இருந்தாலும் சரி, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவன் கொடலை உருவிடறேன். நீங்க நாள் பூரா இங்கதான இருக்கீங்க. பார்த்திருப்பீங்கல்ல?

— பார்த்தேன். டிரைவரே, நீங்க பின்வாசல் வழியா போயிடுங்க. பயப்படாதீங்க, இனிமே உங்களை அவரு தேட மாட்டாரு.

— போய்த் தொலையட்டும். யாரு பாய் அவன்?

— மூணு கல்லு. என் கடைக்கு நேரா இருந்ததால வாடகை சைக்கிளை ஏத்தி இறக்க இடைஞ்சலா இருந்துச்சு. சைக்கிளை ஒவ்வொண்ணா தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சுது. மூணே மூணுதானே, என்ன ஆயிடப் போவுதுன்னு...

— பாய்?

— ரெண்டடி ஆழம்ணே. ரெண்டு ஆளைப் போட்டும் பிடுங்க முழுசா ஒரு காலைப்பொழுது ஆச்சு.

— பாய், வேணாம். நீங்க இல்லன்னு சொல்லுங்க.

— தாப்பாளை எடுத்துட்டேன், வெளிய வரேன். கடப்பாரையை ஓங்கறதுக்கு முன்னாடி ஒருதரம் கீழ பாருங்கண்ணே. நீங்க ஏறி நிக்கிற படியே அந்த மூணு கல்லுதான்.